மூன்று கோட்டு டிசைன்

எனக்குச் சொரசொரப்பான சுவரைக் கண்டாலே ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் கை முதலில் சுவருக்குத்தான் போகும். தடவிப் பார்த்து மேடு பள்ளம் தட்டுப்பட்டால் முகம் தானாகச் சுளித்துக்கொள்ளும். "வந்த இடத்துல சும்மா இரேன்" என்று என் வீட்டுக்காரர் காதைக் கடிப்பார். அவருக்கென்ன, அவருடைய வேலை உச்சியில். சீலிங் அவருக்கு, சுவர் எனக்கு. இருபத்திரண்டு வருடமாக எங்கள் தொழிலில் இதுதான் பாகப்பிரிவினை. பேச்சை மட்டும் பிரிக்கவில்லை, அது மொத்தமும் என் பங்குக்கு வந்துவிட்டது.

பட்டி பார்ப்பது என் வேலை. வெள்ளைப் பட்டி மாவைக் குழைத்துத் தகட்டால் சுவரில் இழுப்பேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். மறுபடி இழுப்பேன், மறுபடி தேய்ப்பேன். முடிந்த பிறகு அந்தச் சுவரில் நீங்கள் கன்னத்தை வைத்துப் பார்க்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த வீட்டு வேலை போனில் வந்தது. பேசியது வெளியூரில் இருக்கும் மகள். மூச்சு விடாமல் பேசினாள். எனக்கே ஈடுகொடுக்க முடியவில்லை.

"அக்கா, அப்பா அங்க தனியா இருக்காரு. நாப்பது வருஷத்து வீடு. சீலிங் பூரா கொப்புளம் கொப்புளமா ஒரு பூச்சு. அந்தக் காலத்து ஃபேஷனாம். அதுலேர்ந்து ஒரு கட்டி பேந்து அப்பா நெத்தியில விழுந்து மூணு தையல். எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடுங்க. நடையில பலகை அடிச்சிருக்கும், அதையும் பேத்துடுங்க. ரூம்ல ஒட்டியிருக்கிற பேப்பரைக் கிழிச்சுடுங்க. சுவரெல்லாம் மொழுமொழுன்னு இருக்கணும். எங்கயும் அவரு கையக் கிழிச்சுக்கக் கூடாது."

மொழுமொழு என்று சொன்னாளே, அதோடு நான் விழுந்துவிட்டேன்.

"இன்னொரு தடவை அடிபட்டீங்கன்னா நேரா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன்னு சொல்லியிருக்கேன்க்கா" என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி. "எங்க வீடு பதினோராவது மாடி. ரெண்டு நாளுக்கு மேல அவரால அங்க இருக்க முடியாது, கூண்டுல அடைச்ச மாதிரி சுத்திச் சுத்தி வருவாரு. அதுக்குத்தான் இருக்கிற வீட்டையே சரி பண்ணிடலாம்னு. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான், வேறு பெயர் இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. கதவைத் திறந்தபோது தேய்த்த சட்டை, வாரிய தலை, நெற்றியில் பிளாஸ்திரி, கக்கத்தில் மடித்த செய்தித்தாள். எங்களைப் பார்த்து, அதாவது எங்கள் இருவருக்கும் நடுவில் பார்த்து, ஒரு பெரிய சிரிப்புச் சிரித்தார்.

"வாங்க வாங்க, ஏறிக்கோங்க. முப்பத்தி நாலு வருஷம் ஓட்டினேன்மா, ஒரு கீறல் கிடையாது. வண்டிக்குச் சொல்றேன்." வலது கையை உயர்த்திக் காட்டினார். மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது. "எனக்கு உண்டு. இன்ஜின் பெல்ட் சாப்பிட்டுடுச்சு."

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை கெட்ட ஃபேஷனை நான் பார்த்ததில்லை. ஹால் சுவரில் சாந்தை வாரி இறைத்துவிட்டு அப்படியே காயவிட்டிருந்தார்கள். நடையின் வலப்பக்கச் சுவரில், காபிக் கொட்டை நிறத்தில் நெட்டுக்குத்தாகப் பலகைகள், பலகைக்குப் பலகை ஒரு பள்ளம். படுக்கையறையில் மேடான பூப் போட்ட காகிதம். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கொப்புளச் சீலிங், ஒட்டடையைச் சேர்த்து வைப்பதற்கென்றே செய்தது.

என் வீட்டுக்காரர் அவசரப்படமாட்டார். பழைய சீலிங் என்றால் அதில் நெஞ்சுக்கு ஆகாத நார் கலந்திருக்கும் என்று, ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் கை வைப்பார். துண்டு எடுக்க ஏணியில் ஏறியவர், ஹால், நடை, அறை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இதுலேர்ந்து எதுவும் விழலியே" என்றார்.

"விழாமலா மூணு தையல்?"

"எங்கயும் குழி இல்ல. நகத்தால பேத்தாக்கூட வரல."

அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே பத்து வார்த்தை. அதில் ஒன்பதை இதற்குச் செலவழித்திருக்கிறாரே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் கை அந்தப் பலகைகளைப் பெயர்க்கத் துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

சோதனையில் கெடுதல் எதுவும் இல்லை என்று வந்தது. வேலை தொடங்கும் அன்று டிரைவரிடம் கலர் அட்டையை நீட்டினேன். வாங்கினார், விசிறி மாதிரி விரித்தார், கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார், தலையை ஆட்டினார். பெண் பார்க்கப் போனவர்கூட அவ்வளவு பாவனை பண்ணியிருக்கமாட்டார். கடைசியில் கட்டைவிரலை ஓரிடத்தில் அழுத்தி, "என் ரூமுக்கு இது. அமைதியா இருக்கும்" என்றார்.

பார்த்தேன். அடர்ந்த கத்திரிப்பூ நிறம்.

"நல்லா யோசிச்சீங்களா ஐயா?"

"யோசிச்சுட்டேன்மா. கண்ணுக்குக் குளிர்ச்சி."

சரி, காசு அவர்கள் வீட்டுக் காசு, கண் அவருடைய கண். சமையலறையில் என் வீட்டுக்காரரிடம், "இந்த மனுஷன் பஸ்ஸுக்கு எந்தக் கலர் அடிச்சு ஓட்டினாரோ" என்று சொல்லிச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என் வாயில் ஒன்று போடலாம் போல இருக்கிறது.

முதலில் படுக்கையறையை முடித்தோம். காகிதத்தைக் கிழித்து, பட்டி பார்த்து, கத்திரிப்பூவும் அடித்து, அவரையும் ரேடியோவையும் அதற்குள் உட்கார வைத்தோம். பிறகு ஹால். என் வீட்டுக்காரர் தரையெல்லாம் பிளாஸ்டிக் விரித்து, சீலிங்கில் தண்ணீரைப் பீய்ச்சி ஊறவைத்துச் சுரண்டினார். கொப்புளமெல்லாம் சேறாக விழுந்தது. நான் ஹால் சுவரின் மேட்டையெல்லாம் செதுக்கித் தள்ளிவிட்டு, நடைக்குப் போய்ப் பலகைகளைப் பெயர்த்தேன். பதினான்கு பலகை. ஒவ்வொன்றும் ஆணியோடு கிரீச்சென்று வரும்போது எனக்குப் பல் பிடுங்கின சுகம்.

சத்தம் நின்றதும் டிரைவர் மெதுவாக அறை வாசலுக்கு வந்தார். இருமினார். அந்த இருமல் வெறும் ஹாலில் போய் முட்டித் திரும்பியது.

"வீடு பெருசாயிடுச்சே" என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நடையில் பட்டி இழுத்தேன். என் ஆயுசிலேயே நன்றாக வந்த சுவர் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, ஈரம். நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால், இடுப்பு உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கோடு. ஒன்றல்ல, மூன்று. மேலே இரண்டு சேர்ந்தாற்போல, கொஞ்சம் இடைவெளி விட்டுக் கீழே ஒன்று.

"ஐயா! இது யார் வேலை?"

"எது?" என்றார், முகத்தை என் பக்கம் திருப்பி. "அடடா. பூனை வந்திருக்கும்மா."

"பூனை இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்னு நடந்து போச்சா?"

"பெரிய பூனை."

பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டையெல்லாம் நிரப்பி, மறுபடி இழுத்தேன். பூனை படமே வரைந்து மாட்டுவேன் என்று மிரட்டிவிட்டும் போனேன். அடுத்த நாள் காலை, மறுபடி மூன்று கோடு. இந்தத் தடவை ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு வரிசை. போதாததற்கு நடையிலிருக்கும் சாமான் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெயின்ட் டப்பாக்கள் உருண்டிருந்தன. பக்கெட் கவிழ்ந்து தண்ணீர் வழிந்து நின்றது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், இறங்க நேரமாகும். அவர் அறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நாள் வேலைங்க! ரெண்டு நாளா குனிஞ்சு நிமிர்ந்து இழுத்த வேலை! ஈரம் ஈரம்னு தொண்டை கிழியக் கத்துறேன். சின்னப் புள்ளையா நீங்க? இவ்வளவு வெள்ளையா ஒரு சுவர் எதுக்க நிக்குது, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியலைம்மா" என்றார்.

கிண்டலுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. வலது கை விரல்களில் வெள்ளையாகப் பட்டி காய்ந்திருந்தது, பாதியோடு நின்ற அந்த மோதிர விரலைத் தவிர. சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். ஏணியில் இருந்த என் வீட்டுக்காரர் சுரண்டுவதை நிறுத்திவிட்டார்.

நான் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. கண்ணு நரம்பு காஞ்சுபோச்சாம். சொட்டு மருந்து விட்டா இருக்கறது இருக்கும், போனது வராதுன்னு சொல்லிட்டாங்க."

"இப்ப என்னதான் தெரியுது?"

"ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியும். அதுக்கு முன்னாடி ஆள் நின்னா கருப்பாத் தெரியும். நீங்க முறைக்கறது தெரியல. ஆனா முறைக்கறீங்கன்னு தெரியும்."

அந்த நிலையிலும் அந்த மனுஷன் ஜோக் அடித்தார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹாலில் சுவர் சொரசொரவென்று இருக்கும்வரை ஹால். அது முடிந்து பலகை தட்டுப்பட்டால் நடை. ஏழாவது பலகையில் குளியலறை, பதினொன்றில் அவர் அறை, பதினான்கில் சமையலறை. ஸ்டாப் ஸ்டாப்பாக எண்ணிக்கொண்டு போவார். அறைக்குள் காகிதப் பூவைத் தடவிக்கொண்டே போனால் கட்டில். சீலிங்கிலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது: அந்தக் கொப்புளம் சத்தத்தை உள்வாங்கிக்கொள்ளும், அதனால் ஹாலில் யார் எங்கே நின்று பேசுகிறார்கள் என்று துல்லியமாகத் தெரியும். இப்போது எல்லாப் பக்கமும் எதிரொலி. மருந்து பாட்டில்களில்கூட, காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்டு, ராத்திரி மருந்துக்கு இரண்டு. சாப்பாடு தெருமுனைக் கடையிலிருந்து வந்துவிடும். டீ மட்டும் அவரே போடுவார், விசில் அடிக்கிற கெட்டிலில். ஒன்றரை வருடம் அந்த வீட்டை அவர் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்.

"நெத்தியில விழுந்த சீலிங்?" என்று ஏணி மேலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அலமாரிக் கதவு தொறந்து கிடந்துச்சு தம்பி. போய் முட்டிக்கிட்டேன். பொண்ணு கேட்டா. கதவு தெரியலன்னா ஏன் தெரியலம்பா. அதான் சீலிங் மேல பழியைப் போட்டேன். சீலிங் வாயைத் தொறந்து பேசவா போகுதுன்னு." ஒரு பெருமூச்சு விட்டார். "அதையே பேத்து எடுக்க ஆள் அனுப்புவான்னு நான் கண்டேனா? வேணாம்னு சொல்லவும் முடியல. ஏன் வேணாம்னு கேப்பாளே."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே ஐயா. அந்தப் பலகையெல்லாம்..." பதினான்கு பலகையையும் பெயர்த்தது இந்தக் கை. பெயர்க்கும்போது சுகமாக இருந்தது என்று வேறு சொன்னேனே.

"மனசுல இருக்கு, சமாளிச்சுடலாம்னு பாத்தேன். முடியல. நேத்து பாத்ரூம்னு நினைச்சுச் சாமான் ரூமுக்குள்ள போயிட்டேன். வெளிய வர வழி தெரியாம ரொம்ப நேரம் அங்கயே நின்னேன்மா." காய்ந்த பட்டியை விரலிலிருந்து உரித்தார். "என் வீட்டுக்குள்ளயே நான் தொலைஞ்சு போயிட்டேன்."

மகள் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டோம். அவர் கட்சி, மகளிடம் சொல்லிவிட வேண்டும். என் கட்சி, சொன்னால் பதினோராவது மாடி.

"சொல்லலைன்னா? நாளைக்கு இவரு விழுந்தாருன்னா யாரு பொறுப்பு?"

பதில் இல்லாத கேள்வியைக் கேட்பவரை எனக்குப் பிடிக்காது, அதுவும் கட்டிய புருஷனாக இருந்தால் இன்னும் பிடிக்காது. டப்பாவை மூடிவிட்டு டிரைவரிடம் போனேன்.

"ஐயா, நானா வாயைத் தொறக்கமாட்டேன். ஆனா உங்க பொண்ணு நேருக்கு நேரா கேட்டா, என்னால பொய் சொல்ல முடியாது. சம்மதமா?"

"நியாயம்" என்றார்.

தகட்டை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனேன், கோட்டை அழிக்க. அழிக்கக் கை வரவில்லை. அப்போதுதான் அந்தக் கோடுகளைச் சரியாகப் பார்த்தேன். இருபது அடி நீளம். நூல் பிடித்தது போல நேராகப் போயிருந்தது. கண் தெரியாத கை போட்ட கோடு அது. நானே மட்டம் வைக்காமல் அப்படி இழுக்க மாட்டேன்.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். "இதையே டிசைனா வெச்சா என்ன?"

என் வீட்டுக்காரர் வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொரசொரப்பா ஒரு சுவரு. நீ. செய்யப் போறே."

"வாயை மூடிட்டு மட்டப்பலகையை எடுங்க."

செய்தோம். ஒரு சாண் அகலத்துக்கு, அவர் கை எட்டும் உயரத்தில், பட்டியைக் கெட்டியாகக் குழைத்து ஒரு பட்டை ஏற்றினேன். ஈரம் இழுக்கும் பதம் வந்ததும் டிரைவரைக் கூப்பிட்டு, பட்டி மாவின் காரத்தில் விரல் வெந்துவிடாமல் எண்ணெய் தடவிவிட்டேன். "கையுறை தரட்டுமா?" என்றதற்கு, "கையுறை போட்டு ஸ்டீரிங் பிடிச்சதே இல்ல" என்றார். ஹால் முனையில் நின்றார். விரலை வைத்தார். நடந்தார். மூன்று கோடு அவர் பின்னாலேயே வந்தது. குளியலறை வந்ததும் நான் "ஸ்டாப்" என்றேன். கட்டைவிரலால் கோட்டுக்கு மேலே ஒரு குழி அழுத்தினார். அவர் அறைக்கு இரண்டு குழி, சமையலறைக்கு மூன்று. சாமான் அறைக்கு முன்னால் மட்டும் ஒரு முழத்துக்குக் கோடே இல்லாமல் விட்டோம்.

"அங்க ஸ்டாப் கிடையாது" என்றார். "வண்டி நிக்காது."

ஹாலைச் சுற்றிலும் அதே மாதிரி, அவர் அறையைச் சுற்றிலும் அதே மாதிரி. அறைக்குள் பெயின்ட் அடித்த சுவரில் ஒரு பட்டையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. அப்போது கேட்டார்: "ஆமா, நான் என்ன கலர்மா எடுத்தேன்?"

"கத்திரிப்பூ."

"ஐயையோ!" என்று சிரித்தார் பாருங்கள், கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம், தேர்ந்தெடுத்தது தேர்ந்தெடுத்ததுதான் என்றார்.

கோட்டின் ஓரங்களையெல்லாம் நான் உப்புத்தாளால் பிசிறு இல்லாமல் தேய்த்தேன். சுவரை வழவழப்பாக்க எடுத்த பாட்டைவிட அதற்கு எடுத்த பாடு அதிகம். ஒன்பது நாளும் அவர் போனார், வந்தார், போனார், வந்தார். மூன்றாம் நாள் கையில் டீ டம்ளரோடு நடந்தார். ஏழாம் நாள் எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். டீயில் சர்க்கரை இல்லை, நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள். கடைசித் துடைப்புக்காக நாங்களும் அங்கே இருந்தோம். பெட்டியை வைத்துவிட்டு முதலில் அப்பாவின் நெற்றியைத்தான் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் அவளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் துடைக்கும் துணியோடு பின்னால் போனேன்.

"இது ஹால். சீலிங் பாரு, தம்பி கை வண்ணம். இது பாத்ரூம். இது சாமான் ரூம், அதுல பாக்க ஒண்ணுமில்ல. இது என் ரூம்." ஒவ்வொரு கதவுக்கும் சரியாக நின்றார். கை மட்டும் சுவரை விட்டு எழவே இல்லை.

"அப்பா, இந்தக் கலர் நீங்களா எடுத்தீங்க?"

"ஏன், நல்லா இல்லையா? இப்ப இதான் ஃபேஷன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைத் துடைத்தேன்.

"ஒக்காரும்மா, டீ போடறேன்" என்று அவளை ஹால் சோபாவில் உட்கார வைத்துவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நான் நின்ற நடைக்கு வந்தாள். "அக்கா, இந்தக் கோடு அழகா இருக்கு. எங்க புடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே வலது கை விரல்களைக் கோட்டில் வைத்து நடந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே நின்றுவிட்டாள்.

தன் கையைப் பார்த்தாள். மூன்று விரல் கோட்டுக்குள் இருந்தது. மோதிர விரல் மட்டும் மேட்டின் மேல் நின்றது. அந்த மேட்டை மெதுவாகத் தடவினாள். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே நடந்திருப்பாள். அந்த இடைவெளி அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

"இது அப்பா கை" என்றாள்.

நேருக்கு நேர் கேட்கவில்லை, சொன்னாள். இருந்தாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். "ஆமாம்மா" என்றேன்.

"எதுக்கு?"

அதற்குள் சமையலறையிலிருந்து டிரைவர் வந்தார். இடது கை சுவரில், வலது கையில் டீ. நடையின் எதிர்ச் சுவரோரம் ஒதுங்கி நின்ற எங்கள் இருவரையும் தாண்டிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. ஹாலுக்குப் போய், சோபாவுக்கு முன்னால் சரியான இடத்தில் நின்று, யாருமில்லாத அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்து, டம்ளரை நீட்டினார்.

"குடிச்சுப் பாரும்மா. சர்க்கரை போதுமா சொல்லு."

மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய்க் கத்தப்போகிறாள், பெட்டியைக் கட்டுங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவர் இன்னும் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். சிரிப்பு மெல்லக் குறைய ஆரம்பித்தது.

அவள் செருப்பில்லாத காலால் சத்தமில்லாமல் நடந்து போனாள். சோபாவில், தான் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடுங்கப்பா" என்று வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரை போதும்."

நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் முதுகில் தட்டினார். அன்றைக்கு மட்டும் அவர் பேசாதது நன்றாக இருந்தது.

ஹாலில் சத்தம் வர அரைமணி நேரமாயிற்று. "சீலிங் விழுந்துச்சுன்னு சொன்னீங்களே! என்கிட்டயே!" என்று அவள் அழுவதும், "விழுந்திருக்கலாம்ல, பழைய சீலிங்" என்று அவர் சமாளிப்பதும் கேட்டது. பிறகு அவள் கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார்: நரம்பு, சொட்டு மருந்து, ரப்பர் பேண்டு, பலகை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவள் என்னைக் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது. என்மேல் கோபமாகத்தான் இருந்தாள், அது நியாயம்தான். டிரைவர் சோபா நுனியில், தண்டனைக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இந்த டிசைன் வெளிச் சுவர்லயும் போட முடியுமா? வாசப்படியிலேர்ந்து கேட் வரைக்கும்?"

டிரைவர் தலையைத் தூக்கினார். "கேட் வரைக்கும் எதுக்கு?"

"நான் மாசாமாசம் வருவேன்ல. கேட்டுல வந்து நிக்கமாட்டீங்களா?"

அவர் கையால் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் போன் பண்ண வேண்டும், பகலில் உதவிக்கு ஓர் ஆள் வருவார், கண் ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போவாள் என்று வரிசையாக நிபந்தனை போட்டாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பதினோராவது மாடி பற்றி இருவரும் பேசவில்லை.

வெளிச் சுவருக்கு மறுநாளே சிமென்ட் குழைத்தேன். டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள் மகள். எண்ணெயை வாங்கித் தன் கையில் தடவிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் ஊருக்குக் கிளம்பினாள். கோடு காய்ந்திருந்தது, பெயின்ட் அடிக்க நாங்களும் போயிருந்தோம். வாசலிலிருந்து கேட்டுக்குப் போக அந்தச் சுவர் இடது பக்கம். டிரைவர் படியிறங்கி, இடது கையைச் சுவரில் வைத்து நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார், நின்றார். அந்தக் கையில் விரல் எல்லாம் முழுசு. ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார்.

"இதுல ஒரு கோடு கூட இருக்கே" என்றார்.

"ஆமாம்பா" என்றாள் கேட்டருகில் பெட்டியோடு நின்ற மகள்.

அவர் நான்கு கோட்டிலும் நான்கு விரலை வைத்து, கேட் வரைக்கும் வந்து நின்றார்.